ஈயம் இணைத்த கைகள்

முதல் உலகப் பெரும்போரின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்ட பிரிட்டிஷ் வீரர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவர், 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் காலை, இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள வெல்ஸ் என்னும் சிறு நகரில் இயற்கை எய்தினார். ஹாரி பாட்ச் என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு வயது 111. அரசியாரும் பிரதமரும் இரங்கல் தெரிவித்தனர். உலகின் நாளேடுகள் எல்லாம் அவருடைய படத்தை வெளியிட்டன.

போர்முனையில் அவர் இருந்த காலம் நான்கு திங்களுக்கும் குறைவு. குழாய்த் தொழிலாளியாக அவர் உழைத்த காலம் ஏறத்தாழ ஐம்பதாண்டு. ஒரு மனையாளின் கணவராக இல்லறம் நடத்திய காலம் ஐம்பத்தேழாண்டு. ஆயினும் உலகம் அவரை அறிந்தது அந்த நான்கு திங்களைக் கொண்டே. அவரோ எண்பது ஆண்டுகள் அந்த நான்கு திங்களைப் பற்றி வாய் திறக்காமலே வாழ்ந்தார். ஏன் அவர் மௌனம் காத்தார், பின்னர் ஏன் பேசினார், இவ்விரண்டுக்கும் இடையில் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுடையது. முதியோர் பேசாமலிருக்கும் வீடுகள் எல்லா நாட்டிலும் உண்டு.

கல்தச்சர் வீட்டுப் பிள்ளை

ஹாரி பாட்ச் 1898ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் பாத் நகரை அடுத்த கூம் டௌன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் கல்வெட்டும் தொழிலுக்குப் பேர் பெற்றது. பாத் நகரத்தின் அழகிய மாளிகைகள் பலவும் அவ்வூர்க் குன்றில் வெட்டியெடுத்த வெளிர்மஞ்சள் நிறக் கல்லால் எழுந்தவையே. தந்தையார் கல்தச்சர். உடன்பிறந்த அண்ணன்மார் இருவர்.

1913ஆம் ஆண்டில் பள்ளியை விட்டுக் குழாய்த் தொழில் பயிலும் மாணாக்கராகச் சேர்ந்தார். இன்று அத்தொழில் என்றால் நாம் இரும்புக் குழாயையும் பிளாஸ்டிக் குழாயையும் நினைப்போம். அக்காலத்தில் அது பெரும்பாலும் ஈயத்தை ஆளும் தொழிலாகவே இருந்தது. 'பிளம்பர்' என்னும் பெயரே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாகும். ஈயக் குழாய்கள் இரண்டைப் பொருத்தி, உருக்கிய பற்றாசை ஊற்றி, அது இறுகுவதற்குள் கையிலுள்ள துணியால் வழித்து உருட்டி, ஒழுகாத இணைப்பாக ஆக்க வேண்டும். சூடு மிகுந்தால் குழாயே உருகிப் போகும். குறைந்தால் இணைப்புப் பிடிக்காது. கண்ணும் கையும் ஒருங்கே பழகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பயிற்சி முடியுமுன்னரே பாட்ச்சை அரசு அழைத்தது.

விரும்பாத அழைப்பு

1914இல் போர் மூண்டபோது பிரிட்டனில் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. இளைஞர்கள் தாமாகவே முன்வந்து சேர்ந்தனர். உயிரிழப்பு பெருகவே, 1916 ஜனவரியில் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் நிறைவேறிற்று. பாட்ச்சுக்குப் போருக்குச் செல்லும் ஆர்வம் எள்ளளவும் இருந்ததில்லை. முன்னரே படையிலிருந்த அண்ணன் ஒருவர் மோன்ஸ் போர்க்களத்தில் காயமுற்றுத் திரும்பியிருந்தார். பதுங்குகுழியின் சேற்றையும் அழுக்கையும் அச்சத்தையும் அவர் வாயிலாகவே தம்பி கேட்டறிந்தார். எனவே அணிவகுப்பும் வாத்திய முழக்கமும் அவரை மயக்கவில்லை. வயது பதினெட்டு நிறைந்தது, 1916 அக்டோபரில் அழைப்பு வந்தது, சென்றார்.

பயிற்சிக்குப் பின் 1917 ஜூனில் பிரான்சு போய்ச் சேர்ந்தார். கார்ன்வால் கோமகனின் இலகு காலாட்படையில் ஏழாம் பிரிவு அவருடையது. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை இயக்கும் ஐவர் குழுவில் அவர் இரண்டாமவர். சுடுபவர் முதலாமவர். துப்பாக்கியின் உதிரிப் பாகங்களைச் சுமந்து, பழுது நேர்ந்தால் நொடியில் கழற்றி மாட்டிச் சீர்செய்வது இரண்டாமவர் கடமை. கருவிகளோடு பழகிய தொழிலாளிக்கு ஏற்ற பணிதான். ஆனால் இந்தக் கருவியின் பயன் வேறாக இருந்தது. ஊரில் குழாயாகி நீர் கொண்டு வந்த ஈயம், இங்கே தோட்டாவின் உள்ளீடாகி உயிர் கொண்டு போயிற்று.

அந்த ஐவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தவிர்க்க முடிந்தவரை எவரையும் கொல்வதில்லை. எதிரியின் காலைக் குறிவைத்துச் சுடுவது. வேறு வழியே இல்லாதபோதுதான் மற்றது. படைச்சட்டத்தின் கண்ணுக்கு இது தெரிந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள், மேலிருந்து வந்த ஆணைக்கும் தம் உள்ளத்தின் ஆணைக்கும் நடுவே தாமே கண்டுகொண்ட வழி அது.

சேற்றுக் களம்

அவர்கள் நின்ற இடம் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரை அடுத்த போர்முனை. 1917 ஜூலை 31ஆம் நாள் தொடங்கி நவம்பர் 10ஆம் நாள் முடிந்த மூன்றாம் ஈப்பர் போர், 'பாஷென்டேல்' என்னும் சிற்றூரின் பெயராலேயே நினைவுகூரப்படுகிறது. தாழ்வான களிமண் நிலம் அது. வாய்க்கால் வெட்டி வடித்தால்தான் உழவு நடக்கும். இலட்சக்கணக்கான பீரங்கிக் குண்டுகள் அந்த வடிகால்களைச் சிதைத்தன. ஆகஸ்டில் பெருமழை பெய்தது. குண்டுக் குழிகளில் நீர் தேங்கி, நிலம் முழுதும் ஆளை விழுங்கும் சேறாயிற்று. காயமுற்று வீழ்ந்தோர் பலர் அச்சேற்றிலேயே மூழ்கி மாண்டனர். ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் முன்னேறுவதற்குப் பிரிட்டிஷ் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக இழப்பு இரண்டரை இலட்சத்தை ஒட்டியிருந்தது. ஜெர்மானியர் பக்கமும் பேரிழப்பே.

ஆகஸ்டு 16ஆம் நாள் பாட்ச்சின் படை ஸ்டீன்பேக் என்னும் ஓடையைக் கடந்து லாங்கமார்க்கை நோக்கிச் சென்றது. வழியில் தம் படையைச் சேர்ந்த ஓர் இளைஞன், தோளிலிருந்து இடுப்பு வரை பிளந்து கிடப்பதைக் கண்டனர். தன்னைச் சுட்டுவிடுமாறு அவன் இறைஞ்சினான். இவர்கள் துப்பாக்கியை எடுக்குமுன்னரே அவன் உயிர் பிரிந்தது. பிரியும் தருணத்தில் அவன் நாவில் எழுந்தது தாயை அழைக்கும் ஒரே ஒரு சொல். வேதனையில் எழுந்த கூக்குரலாக அது இல்லை, எதிரே வந்தவரைக் கண்டு வியந்து மகிழ்ந்தவன் அழைப்பது போலிருந்தது என்று பாட்ச் நினைவுகூர்ந்தார். மரணம் ஒரு முடிவன்று என்னும் நம்பிக்கை அந்த நொடியில்தான் தம்முள் வேரூன்றியது என்பது அவர் கூற்று.

அதே களத்தில் ஜெர்மானியன் ஒருவன் ஈட்டி பொருத்திய துப்பாக்கியுடன் அவர்கள் குழுவை நோக்கிப் பாய்ந்து வந்தான். பாட்ச் தம் கைத்துப்பாக்கியால் அவன் தோளில் சுட்டார். அவன் ஆயுதம் நழுவியது. ஆயினும் அவன் நிற்கவில்லை. எடுத்துக்கொள்ளச் சில நொடிகளே இருந்தன. மார்பில் சுடலாம், சட்டமும் சூழலும் அதற்கு இடம் தந்தன. பாட்ச் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் குறிவைத்துச் சுட்டார். அந்த ஜெர்மானியன் போருக்குப் பின் வீடு திரும்பியிருப்பான், மனைவி மக்களோடு வாழ்ந்திருப்பான் என்று முதுமையில் எண்ணி ஆறுதல் கொண்டார்.

அதே மண்ணில் நம் நாட்டவர்

அந்த மண் நம் துணைக்கண்டத்துக்கு அந்நியமானதன்று. பாட்ச் அங்கு வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1914 அக்டோபரில், இந்தியப் படையினர் ஈப்பர் போர்முனையில் நிறுத்தப்பட்டனர். அக்டோபர் 31ஆம் நாள் ஹோலபேக் என்னும் ஊரில் பலூச்சிப் படையைச் சேர்ந்த சிப்பாய் குதாதாத் கான், தம் இயந்திரத் துப்பாக்கிக் குழுவிலிருந்த மற்ற ஐவரும் மடிந்த பின்னும், தாமும் காயமுற்ற நிலையில் தனித்து நின்று போரிட்டார். இறந்தவர் என விடப்பட்ட அவர், இரவில் ஊர்ந்து தம் படையை வந்தடைந்தார். இந்தியச் சிப்பாய்களில் விக்டோரியா சிலுவைப் பதக்கம் பெற்ற முதல்வர் அவரே. இன்றைய பாகிஸ்தானின் சக்வால் பகுதியைச் சேர்ந்த அவர் 1971 வரை வாழ்ந்தார். ஈப்பர் நகரின் மெனின் வாயிலில், கல்லறை கிட்டாத 54,000க்கு மேற்பட்டோரின் பெயர்களோடு இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அப்போரில் நம் துணைக்கண்டத்திலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் எத்தனை பேர் வீடு திரும்பித் தாம் கண்டதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தனரோ!

செப்டம்பர் 22

1917 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு பத்தரை மணியளவில், முன்னணியிலிருந்து குழுவினர் திரும்பிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே குண்டு ஒன்று வெடித்தது. ஐவரில் மூவர் இருந்த இடம் தெரியாமல் மறைந்தனர். பாட்ச்சின் அடிவயிற்றை ஒட்டிக் குண்டுச் சிதறல் பாய்ந்தது. மருத்துவ முகாமில் மயக்க மருந்து தீர்ந்து போயிருந்தது. நால்வர் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அந்த இரும்புத் துண்டை அப்படியே அறுத்தெடுத்தார்.

அன்றோடு அவருடைய போர் முடிந்தது. 1918 நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தபோது அவர் இங்கிலாந்தில் உடல் தேறிக்கொண்டிருந்தார். நாடு நவம்பர் 11ஐ நினைவு நாளாகக் கொண்டாடியது. அவருக்கோ செப்டம்பர் 22தான் நினைவு நாள். ஆண்டுதோறும் அந்நாளில் தனித்திருந்து தம் மூன்று நண்பர்களை எண்ணுவார். அரசு நடத்தும் விழாக்களை வெறும் காட்சியாகவே கருதி நெடுங்காலம் ஒதுங்கி நின்றார்.

மீண்டும் கருவிப் பெட்டி

உடல் தேறிவரும் காலத்தில் சந்தித்த பெண்ணை 1919ஆம் ஆண்டில் மணந்தார். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். விட்ட இடத்திலிருந்து தொழிலைத் தொடர்ந்தார்.

அந்நாளில் பிரிஸ்டல் நகரில் பல்கலைக்கழகத்துக்கென மாபெரும் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. புகையிலை வணிகத்தில் செல்வம் ஈட்டிய வில்ஸ் குடும்பத்துச் சகோதரர் இருவர், தம் தந்தையின் நினைவாக அதைக் கட்டுவித்தனர். 1915இல் தொடங்கிய வேலை போரினால் 1916இல் நின்று, 1919இல் மீண்டும் தொடங்கியது. கட்டடத்தின் கதையும் தொழிலாளியின் கதையும் ஒன்றாகவே இருந்தன. 215 அடி உயரக் கோபுரம் கொண்ட அந்தக் கட்டடத்தில் பாட்ச் நான்காண்டு குழாய்வேலை செய்தார். 1925 ஜூன் 9ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் திறந்துவைத்தார். வேலை செய்தோருள் ஒருவராக நின்று பாட்ச் அதைக் கண்டார்.

பின்னர் தம் நிறுவனத்தின் பிரிஸ்டல் கிளைக்கு மேலாளராக உயர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது படைக்கு அழைக்கும் வயதை அவர் கடந்திருந்தார். எனினும் பாத் நகரின் தீயணைப்புப் படையில் பகுதிநேரப் பணியாளரானார். 1942 ஏப்ரல் இறுதியில் ஜெர்மானிய விமானங்கள் அந்நகர் மீது குண்டு பொழிந்தபோது நானூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கி தூக்கிய கை, இம்முறை நெருப்பை அணைக்கும் நீர்க்குழாயைப் பிடித்தது. பிற்பாடு சாமர்செட் மாவட்டத்தின் ஸ்ட்ரீட் என்னும் ஊரில் குழாய்த் தொழில் நிலையம் ஒன்றை நடத்தி, அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார்.

சொல்லாத சொல்

இத்தனை ஆண்டுகளிலும் போரைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை. 1976இல் மறையும் வரை ஐம்பத்தேழாண்டு உடன் வாழ்ந்த மனைவியிடமும் சொல்லவில்லை. பெற்ற மக்களிடமும் சொல்லவில்லை. போர்ப் படங்களைப் பார்ப்பதையும் தவிர்த்தார்.

இதை அன்பு என்பதா, குறை என்பதா? தாம் கண்ட கொடுமையை வீட்டின் வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும், மனைவியும் மக்களும் அந்தச் சேற்றை மிதிக்கலாகாது என்று ஒரு குடும்பத் தலைவர் எண்ணுவது இயல்பே. உழைத்துக் கொண்டு வருவதும், ஒழுகும் கூரையைச் சரிசெய்வதும், மாலையில் வீட்டில் இருப்பதுமே அத்தலைமுறை ஆடவர் அறிந்த பாச மொழி. எனினும் அந்த மௌனத்துக்கு விலை இருந்தது. உறவுகளில் மிக நெருங்கியவருக்கே அவர் நெஞ்சின் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. அந்த அறை திறந்தபோது உள்ளே வர அவர் மனைவி உயிரோடில்லை. மக்கள் இருவரும்கூடத் தந்தைக்கு முன்னரே மறைந்தனர்.

நூறு வயதில் திறந்த வாய்

1998ஆம் ஆண்டில், நூறு வயதை எட்டிய போர்வீரர்களைத் தேடி வந்த தொலைக்காட்சியினரிடம் அவர் முதன்முறையாகப் பேசினார். முதியோர் இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே துணிமணி வைக்கும் அலமாரி அறை ஒன்று இருந்தது. இரவில் அங்கே விளக்கு எரியும்போது, அரைத்தூக்கத்தில் அவருக்கு அது குண்டு வெடித்த ஒளியாகத் தோன்றியது. எண்பது ஆண்டுகள் கழிந்தும் ஆறாத புண் அது.

தம் தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்துவர, தாம் வாய் மூடியிருந்தால் அந்த மூவருக்காகப் பேச எவருமில்லை என்பதை அவர் உணர்ந்தார். அன்று வரை மௌனம் காத்தது எந்த அன்பினாலோ, அதே அன்பினாலேயே பேசவும் தொடங்கினார் எனலாம். அவர் சொன்னது சுருக்கமானது, கூர்மையானது. போர் என்பது திட்டமிட்டுச் செய்யும் கொலையே. அது ஓர் உயிருக்குக்கூட ஈடாகாது. இறுதியில் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசித்தானே முடிக்கிறார்கள், அதைத் தொடக்கத்திலேயே செய்தால் என்ன என்பதே அவர் கேட்டது.

2004ஆம் ஆண்டில் பெல்ஜியம் சென்று, அதே போரில் ஜெர்மானியர் பக்கம் நின்ற அல்சேஸ் நாட்டவரான சார்லஸ் குவென்ட்ஸைச் சந்தித்தார். ஒருவருக்கு வயது 106, மற்றவருக்கு 107. இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர். தத்தம் ஊரில் செய்த தின்பண்டத்தையும் பானத்தையும் அன்பளிப்பாக மாற்றிக்கொண்டனர். நாற்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர் அடக்கமாகியுள்ள லாங்கமார்க் மயானத்திலும் பாட்ச் அஞ்சலி செலுத்தினார். 2008இல், தாம் கடந்த ஸ்டீன்பேக் ஓடைக்கரையில் தம் தோழர்களுக்கு நினைவுக்கல் ஒன்றைத் திறந்துவைத்தார். 109 வயதில் வாழ்க்கை வரலாற்று நூலையும் வெளியிட்டார்.

தொழிலாளிக்குக் கிடைத்த மதிப்பு

வந்து குவிந்த சிறப்புகளுள் ஒன்று தனித்துச் சொல்லத் தக்கது. பிரான்சு அரசு வீரர் விருது வழங்கியது. அது எஞ்சிய போர்வீரர் பலருக்கும் பொதுவானது. 2005 டிசம்பர் 16ஆம் நாள் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் வழங்கிற்று. பதினைந்து வயதில் கல்வியை நிறுத்தியவர், தாம் குழாய் இணைத்த பல்கலைக்கழகத்தின் பட்டதாரி ஆனார். பழுது பார்த்துப் புதுப்பித்த வில்ஸ் கட்டடத்தை 2008 பிப்ரவரி 20ஆம் நாள் மீண்டும் திறந்துவைக்க வேண்டியிருந்தது. முதன்முறை திறந்தவர் மன்னர். இம்முறை அழைக்கப்பட்டவர் அதைக் கட்டியோருள் ஒருவரான பாட்ச். எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கூட்டத்தில் நின்ற தொழிலாளி முன்வரிசைக்கு வந்தார். போரிட்ட வீரருக்குப் பதக்கம் தர எந்நாட்டுக்கும் தெரியும். கட்டடம் கட்டிய கைகளை அழைத்துக் கதவைத் திறக்கச் சொல்வது அரிதாக நடப்பது.

இறுதிப் பயணம்

2009 ஆகஸ்டு 6ஆம் நாள் வெல்ஸ் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடைபெற்றது. ஆண்டுக்கு ஒன்றாக மணி 111 முறை ஒலித்தது. பெட்டியின் இருமருங்கிலும் பெல்ஜியம், பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளின் படையினர் இருவர் இருவராக உடன் வந்தனர். ஜெர்மானியத் தூதரகத்தாரும் பங்கேற்றனர். எவர் கையிலும் ஆயுதம் இருத்தலாகாது, அணிவகுப்பு வாள்கூடக் கூடாது என்பது மறைந்தவரின் விருப்பம். அது அவ்வாறே நிறைவேற்றப்பட்டது. நாட்டின் கடைசிப் பதுங்குகுழி வீரரை வழியனுப்ப ஒரு துப்பாக்கியும் முழங்கவில்லை. 1917இல் ஐவர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டை, அவர்களுள் கடைசியானவர் தம் இறப்பிலும் காத்தார்.

அச்சடங்குக்குப் பின், பிறந்த ஊருக்கு அருகிலுள்ள மங்க்டன் கூம் என்னும் சிற்றூரில், பெற்றோரும் அண்ணனும் துயிலும் இடத்தருகே அவரை அடக்கம் செய்தனர். கல்தச்சரான தந்தையின் பக்கத்தில் குழாய்த் தொழிலாளியான மகன் இடம் பெற்றார்.

நம் வீடுகளிலும் திண்ணையிலோ சாய்வு நாற்காலியிலோ பேசாமல் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் உண்டு. கடல் கடந்து பிழைத்தவர்கள், நடந்தே நாடு திரும்பியவர்கள், இழந்தவற்றைக் கணக்கில் எழுதாதவர்கள். பாட்ச்சிடம் கேட்க நூறு வயதில் அயலார் ஒருவர் வந்தார். நம் பெரியவர்களிடம் அயலார் வந்து கேட்க வேண்டியதில்லை. அவர்கள் வாய் திறப்பார்களா என்பது அவர்கள் விருப்பம். அருகில் சென்று அமர்வது நம் கடமை.